கண்ணும் கையேடும்

கசிப்பைக் காட்டிக்கொடுத்தது அதன் மணம்தான். கோடாவைப் பற்றைக்குள் குழி வெட்டிப் புதைத்து, மேலே காய்ந்த சருகு போட்டு மூடினாலும், காற்று மாறும் அன்று அது படலை வரை வந்துவிடும். எந்த வளவில் எரிவது சோற்றடுப்பு, எதில் எரிவது மற்ற அடுப்பு என்று சொல்ல ஜெயபுரத்தில் ஒருவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. குடித்தவனின் நடை தெரியும், குரல் தெரியும், அவன் வீட்டுச் சட்டி எத்தனை மணிக்கு உருளும் என்பதும் தெரியும்.

ஐஸுக்கு அப்படி ஊர் அறியும் மணம் இல்லை. போதைக் குளிசைக்கும் இல்லை. அறைக்குள் இருக்கும் பையன் இரண்டு நாள் தூங்காமல் இருந்தால், போன் பார்க்கிறான் என்றுதான் தாய் நினைக்கிறாள். பிறகு இரண்டு நாள் எழும்பாமல் கிடந்தால், காய்ச்சலாக்கும் என்று மல்லி அவிக்கிறாள். தெரியவரும்போது கழுத்துச் சங்கிலி அடைவு கடையில் இருக்கும்.

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், முழங்காவிலைத் தாண்டிக் காட்டோரமாக இருக்கும் எண்பதுகளின் குடியேற்றக் கிராமம் ஜெயபுரம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை சட்டம் வழி உருவானதும் அதே 1984இல்தான். ஒரே ஆண்டில் பிறந்த இந்த இரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. சபை ஹெரோயினைப் பற்றிக் கொழும்பில் கவலைப்பட்டது. இரண்டு கிராமுக்கு மரண தண்டனை என்ற திருத்தமும் அந்த ஆண்டிலேயே வந்தது. வன்னியின் கவலையோ கசிப்பும் கள்ளும் சாராயமும்தான். அதிலும் கள்ளைப் போதைப்பொருள் என்று யாரும் சொல்லவில்லை. தவறணை கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து. சீவல் தொழிலாளிக்கு அங்கே கணக்கும் இருந்தது, மதிப்பும் இருந்தது.

அந்நாளில் தடுப்புப் பணியாளர் என்று ஒரு வேலையே கிடையாது. வேலையைச் செய்தவர்கள் இருந்தார்கள். விதானையார் கூப்பிட்டுப் பேசுவார். சுவாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொல்லுவார். பெயர் எல்லோருக்கும் தெரியும். மாமன்காரன் முறிகண்டிக்குக் கூட்டிப் போய்த் தேங்காய் உடைத்துச் சத்தியம் வாங்குவான். தலைமை ஆசிரியர் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே தகப்பன் நேற்று எப்படி வந்தான் என்று கணித்துவிடுவார். இவர்களில் ஒருவரிடமும் சான்றிதழ் இல்லை. எல்லோரிடமும் கண் இருந்தது.

பிறகு வந்த ஆண்டுகளில் வீதி மூடிக்கிடந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்துமே எண்ணி எண்ணி வந்த நிலம் அது. கடல்வழியும் காவலில் இருந்தது. கசிப்புக் காய்ச்சியவரைப் புலிகளின் தமிழீழக் காவல்துறை பிடித்தது, தண்டம் போட்டது, மறியலில் வைத்தது. இன்று தேநீர்க்கடையில் "அந்தக் காலத்தில இதெல்லாம் இருந்ததோ?" என்று பெருமூச்சு விடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இருந்தது குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலி அடைத்த தோட்டத்தில் மாடு மேயவில்லை என்பதற்காக மாட்டுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அச்சம் காய்ச்சுவதைக் குறைத்தது. குடிக்கும் மனிதனுக்குள் என்ன நடந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் பொழுதும் இல்லை, சொல்லும் இல்லை.

கேட்டவர்களும் இருந்தார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. மனநல மருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 2000ஆம் ஆண்டு 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' என்ற கைநூலைக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர், கிராம அலுவலர், குடும்பநல மாது போன்ற ஊர் மட்டத்துப் பணியாளர்களுக்காகவே எழுதிய நூல் அது. அகதிகளின் உளநலம் குறித்த சர்வதேசக் கையேடு ஒன்றை எடுத்து, நம்முடைய பேச்சுக்கும் நோவுக்கும் பொருந்துமாறு மாற்றியிருந்தார்கள். இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் விழுந்த முதல் அத்திவாரம் அது என்றே நினைக்கிறேன். வடக்கு கிழக்கின் 296 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டு வன்முறைக்கும் தகப்பனின் குடிக்கும் போர் அனுபவத்துக்கும் இருந்த தொடர்பைக் காட்டியது. அந்த ஆண்டின் இறுதியில் ஜெயபுரமே இடம்பெயர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றைய வைத்தியத்தில் இருந்த ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பத்து வருடம் நாள் தவறாமல் குடித்த ஒருவனை ஒரே நாளில் சத்தியம் வாங்கி நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லுவார்கள். அதற்குப் பேய் என்று பெயர் வைத்து வேப்பிலை அடித்த வீடுகள் உண்டு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் இறந்துபோனவர்களும் இருந்திருப்பார்கள். "சாமிக்குச் சொன்ன சத்தியத்தை மீறினான், அதுதான்" என்று ஊர் சொல்லியிருக்கும். இன்று பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தர் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்றுதான். நடுக்கம் கண்டால் முழங்காவில் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். அங்கே வலிப்பைத் தடுக்க மருந்தும் தயமின் ஊசியும் உண்டு. கிடைத்தவை என்று கணக்கெழுதினால் முதல் வரி இதுதான்.

2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றம் வந்தது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் கைக்கெட்டும் தூரமாகிவிட்டது. பாதை மனிதரை மட்டும் தெரிந்து ஏற்றுவதில்லை. பாக்கு நீரிணையால் கேரளக் கஞ்சா, பாடசாலை வாசல் பெட்டிக்கடையில் மாவா, பிறகு குளிசை, இப்போது ஐஸ். மதுபானசாலைகளும் பெருகின. 2024இல் நாடு முழுவதும் வழங்கப்பட்ட புதிய மதுபான அனுமதிகள் 361 என்று அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, கிளிநொச்சியின் பங்கு பற்றித்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் பேசினார்கள். ஒரு கையால் அனுமதிப் பத்திரம், மறு கையால் விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம். இரண்டும் அரசாங்கத்தின் கைகள்தான்.

இன்று ஒரு பிரதேச செயலகத்துக்குள் போனால் மேசைகளை எண்ணலாம். உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூர்த்திக்கு ஒருவர். சுகாதாரப் பக்கத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல மாதுவும். அன்றைய விதானையாரும் சுவாமியாரும் மாமனும் செய்ததை இன்று ஆறேழு பதவிகள் பகிர்ந்துகொள்கின்றன. தொலைபேசி எண்களும் இருக்கின்றன: மனநலத்துக்கு 1926, போதைப்பொருளுக்கு 1927, சிறுவருக்கு 1929, புகையிலைக்கும் மதுவுக்கும் 1948. வருடங்களைப் போல இருக்கும் இந்த எண்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் துன்பத்துக்கு எந்த வருடம் என்பது அவசரத்தில் நினைவுக்கு வராது என்பது வேறு கதை.

இந்த உத்தியோகத்தர்களுக்கான செயலமர்வுகள் சிலவற்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்திருக்கிறேன். முதலில் பார்த்தவை சொற்பொழிவுகள்தான். வளவாளர் திரையில் கறுத்த நுரையீரலையும் சொத்தைப் பல்லையும் காட்டுவார், மாலையில் குழுப்படம், அடுத்த வாரம் பங்குபற்றியவர்கள் அதே படங்களைப் பாடசாலையில் காட்டுவார்கள். சில இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் போதைப்பொருள் மாதிரிகளையே வைத்து, இது இன்ன விலை, இப்படிப் பாவிப்பது என்று விளக்கியதையும் கண்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன்கள் அவ்வளவு கவனமாக வேறு எந்தப் பாடத்தையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த முறை பிழை என்று இன்று பயிற்சியே சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றச் செயல்களுக்கான அலுவலகம் 2013இல் தடுப்புப் பணிக்கான சர்வதேச நியமங்களை வெளியிட்டது. 2018இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பயமுறுத்தும் தகவல், வெறும் விரிவுரை, முன்பு பாவித்தவர் மேடையேறிச் சொல்லும் கதை ஆகியவை பயன் தருவதாகத் தெரியவில்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. பயன் தருபவை கேட்பதற்குச் சப்பென்று இருப்பவை: பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கும் திறன், வகுப்பை நடத்தும் ஆசிரியரின் திறன், மறுத்துச் சொல்லவும் கோபத்தைத் தாங்கவும் பிள்ளை பழகும் பயிற்சி. பதாகை கட்ட முடியாத வேலைகள். 1973இலிருந்தே போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் நடத்திவரும் கொழும்புத் திட்டம் இவற்றைப் பாடநெறிகளாக்கி, பல நாட்டுப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கிறது. உலகுக்குக் கையேடு போகும் நகரம் எங்கள் கொழும்புதான். அங்கிருந்து ஏ-32க்கு அது வந்துசேர எடுத்த காலம்தான் நீளம்.

வந்தபோது மொழி தடுக்கியது. 'கிரேவிங்' என்ற சொல்லுக்கு நான் "தீவிர நாட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பின்வரிசையில் இருந்த ஒரு குடும்பநல மாது எழும்பி, "சேர், அது விடாய். விடாய் எண்டு சொல்லுங்கோ, விளங்கும்" என்றார். கையேட்டில் அடித்துவிட்டு அதையே எழுதினேன். தண்ணீர் இல்லாத நாளை அறிந்த ஊருக்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது.

இன்னொரு தடுக்கல் கணக்கில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உண்டு. விடைகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும். எட்டும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய குடி. எத்தனை அலகு குடிக்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. ஓர் அலகு என்பது 10 கிராம் சுத்த மதுசாரம். பயிற்சியில் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர், 33.5 வீதம்: கிட்டத்தட்ட 48 கிராம், ஐந்து அலகுக்குச் சற்றுக் குறைவு. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிலீற்றர் போத்தல்: 43 கிராம், நாலுக்கு மேல். அறை கொஞ்சம் அமைதியானது. "பியர்தானே" என்று வீட்டுக்கு வீடு சொல்லும் சமாதானம் கால் போத்தல் சாராயத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைச் சிலர் அன்றுதான் பார்த்தார்கள். கள்ளுக்கும் ஒருவாறு கணக்குப் போட்டோம். கசிப்புக்கு முடியவில்லை. ஒவ்வொரு அடுப்புக்கும் ஒவ்வொரு வீரியம். அளவு கேட்டால் "ஒரு கிளாஸ்" என்பார்கள், எந்தக் கிளாஸ் என்று தெரியாது. அந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போனோம்.

சொற்களில் கனமானது ஒன்று இருக்கிறது: புனர்வாழ்வு. சமாதான காலத்தில் வன்னியில் அந்தச் சொல் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தைக் குறித்தது. தறப்பாள், கிணறு, சிறுவர் இல்லம். 2007 நவம்பரில் அது தடைசெய்யப்பட்டது. 2009க்குப் பிறகு அதே சொல் முட்கம்பிக்குப் பின்னால் போனது. சரணடைந்த ஏறத்தாழ 12,000 பேர் பூந்தோட்டம் முதலான இடங்களில் 'புனர்வாழ்வு' பெற்றார்கள். அந்த வேலையைச் செய்த பணியகம் பின்னர் போதைக்கு அடிமையானவர்களையும் பொறுப்பேற்றது. முன்னாள் போராளிகளை வைத்திருந்த கந்தக்காடு இன்று போதை மறுவாழ்வு முகாம். 2022 ஜூனில் அங்கு ஒருவர் இறந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியுடைத்து ஓடியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். இப்போது ஓர் உத்தியோகத்தர் திண்ணையில் இருந்துகொண்டு, "பிள்ளையைப் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் அம்மா" என்றால், அந்த அம்மாவின் காதில் எது விழும்? "மூத்தவனை அதுக்கெண்டு சொல்லித்தான் கொண்டுபோனவை. இவனை விடமாட்டன்" என்று ஒரு தாய் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். எந்தப் பாடநெறியிலும் இதற்கு அத்தியாயம் இல்லை. கெட்டிக்கார உத்தியோகத்தர்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்கள். "மருந்தெடுக்க" என்று மட்டும் சொல்லுகிறார்கள்.

வேலி இல்லாத முறை ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் காவிரிப் படுகையின் மஞ்சக்குடி கிராமத்தில் ஒரு முகாம் நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல், மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் தங்கினார்கள். ஊரே இடம் கொடுத்தது. குடும்பமும் பக்கத்தில் இருந்தது. முகாம் முடிந்த பின் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். அந்த நிறுவனமே பின்னர் தென்னிந்தியாவுக்கான வட்டாரப் பயிற்சி மையமாகி, மற்ற மறுவாழ்வு நிலையங்களின் பணியாளர்களைப் பழக்கியது. கட்டடம் கட்டும் காசில்லாத பூநகரிக்கு ஒரு பாடசாலை மண்டபமும் பதினைந்து நாளும் அகப்படாத பொருளா என்று அதைப் படித்தபோது தோன்றியது. ஹெரோயினுக்கு மாற்று மருந்து உண்டு. ஐஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. பேச்சும் பொறுமையும் கிழமைக்குக் கிழமை திரும்பி வருவதும்தான் சிகிச்சை. அதாவது மனிதன்தான் மருந்து. அந்த மனிதனுக்கு என்ன கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

நான் அறிந்த ஓர் உத்தியோகத்தருக்குப் பயிற்சிச் சான்றிதழ் பதினொன்று இருக்கிறது, மோட்டார் சைக்கிள் சொந்தக் காசில் வாங்கியது. பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் "எப்படிப் போகிறது?" என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு தாய் அழுதுகொண்டு எடுக்கும் அழைப்பை அவர் யாரிடம் சொல்லி அழுவார்? மருத்துவருக்கு மேல் மருத்துவர் உண்டு; இவருக்கு மேல் மாதாந்த அறிக்கைதான் உண்டு. அதில் கேட்பது எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பங்குபற்றுநர் என்று. ஒரே வீட்டுக்கு ஏழு தரம் போனால் அது ஒன்று. நூறு பேருக்கு ஒரு மணி நேரம் பேசினால் நூறு. அன்றைய விதானையாருக்கு அறிவு குறைவு, ஆனால் அவர் அதே ஊரில் இருந்தார்; குடித்தவன் நாளைக்கும் அவர் கண்ணில் படுவான். இவருக்கு அறிவு இருக்கிறது. மாலை பஸ் நேரமும் இருக்கிறது. அடுத்த வருடம் இடமாற்றமும் வரலாம்.

பழையதை அப்படியே கொண்டுவர முடியாது, வேண்டவும் வேண்டாம். ஊர்க்கண் இரக்கம் மட்டும் கொண்ட கண் அல்ல. அது சாதி பார்த்தது, குடிகாரனின் பெண்சாதியைத்தான் முதலில் குற்றம் சொன்னது, அவன் மகளுக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிவிட்டது. இன்றைய உத்தியோகத்தர் கேட்டதை வெளியில் சொல்லமாட்டார். அது அவர் படித்த முதல் பாடம். ஒரு பெண் தன் வீட்டுக்குள் நடப்பதை ஊருக்குத் தெரியாமல் சொல்ல ஒரு கதவு இருப்பது வன்னிக்குப் புதிது.

கடந்த வருடம் அந்த உத்தியோகத்தரோடு ஜெயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். விறகுக் குவியலை மூடியிருந்தது ஒரு பழைய பதாகை. "போதையற்ற" என்பது வரை தெரிந்தது, மிச்சம் மடிப்புக்குள். மூன்று தரம் வந்தும் பையன் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். அவர் தாயோடு மழை, மாடு, சங்கக்கடை என்று பேசிக்கொண்டிருந்தார். போதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேநீர் குடித்து எழும்பி, மோட்டார் சைக்கிளை உதைத்தார். பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் பிடிக்கவில்லை.

அறைக் கதவு திறந்தது. மெலிந்த பையன், கண்ணுக்குக் கீழே கறுப்பு. எங்களைப் பார்க்காமல் வந்து குந்தி இருந்து, பிளக்கைக் கழற்றி, சாரத்தின் முனையால் துடைத்து, திருப்பிப் பூட்டினான்.

"பிளக் ஊத்தையாக் கிடக்கு சேர். மாத்தோணும்."

"எந்தக் கடையில நல்லது கிடைக்கும் தம்பி?"

"முழங்காவில்ல இருக்கு."

"புதன்கிழமை வாறன். வாங்கிக்கொண்டு வாறன், பூட்டித் தாறியா?"

அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உதைத்தார்; பிடித்தது. வழியில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, புதன் என்று எழுதி அதன் கீழே இரண்டு தரம் கோடு போட்டார்.